‘கூடோஸ்’ என்ற சொல்லின் கடைசி எழுத்து

ஒருவர் நல்ல வேலை ஒன்றைச் செய்து முடித்ததும் ஆங்கிலத்தில் ‘கூடோஸ் டு யூ’ என்று எழுதுகிறார்கள். அலுவலக மின்னஞ்சலின் கடைசி வரியிலும், ஆட்டம் முடிந்த பிறகு வரும் செய்திக் குறிப்பிலும் இந்தச் சொல்லைப் பார்த்திருப்பீர்கள். பொருள் எளிதுதான்: ‘செய்ததற்கு உங்களுக்குப் பாராட்டு’. ஆனால் கொஞ்சம் யோசித்தால் ஒரு சந்தேகம் வரும். பலரைப் பாராட்டும்போது ‘கூடோஸ்’ சரி. ஒரே ஒருவரைப் பாராட்டும்போது ‘கூடோ’ என்று சொல்ல வேண்டாமா?

நியாயமான சந்தேகம்தான். ஆங்கிலம் பேசும் லட்சக்கணக்கானோருக்கும் அது வந்தது. பலர் அதற்குத் தாங்களாகவே ஒரு விடையும் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அந்த விடையால் சொல்லின் இலக்கணமே மாறிப்போனது. அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் உள்ள ‘ஸ்’ பன்மை விகுதி அல்ல. அது சொல்லோடு பிறந்தது. ‘கேயாஸ்’, ‘காஸ்மாஸ்’, ‘பேத்தாஸ்’ என்ற சொற்களில் இருக்கும் அதே ‘ஸ்’. எல்லாமே கிரேக்கச் சொற்கள், எல்லாமே ஒருமை. குழப்பம் ஒன்றாக இருந்தாலும் அது ‘கேயாஸ்’தான், அதை யாரும் ‘கேயா’ என்று சொல்வதில்லை.

கிரேக்கத்தில் இந்தச் சொல்லின் வீடு, டிராய் போரைப் பாடும் ஹோமரின் காவியமான இலியட். அங்கே அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டால், இன்றைய பயன்பாடு எவ்வளவு தூரம் தள்ளி வந்திருக்கிறது என்பது தானே விளங்கும்.

இலியட்டின் 22ஆம் காண்டம். டிராய் நகரின் மதிலைச் சுற்றி அந்நகரின் தலைசிறந்த வீரன் ஹெக்டர் ஓடுகிறான், கிரேக்க வீரன் அக்கிலீஸ் துரத்துகிறான். கிரேக்க வீரர்கள் ஈட்டியோடு சுற்றி நிற்கிறார்கள். அவர்களில் யார் எறிந்தாலும் ஹெக்டர் விழுந்துவிடுவான். ஆனால் அக்கிலீஸ் ஓடிக்கொண்டே தலையை அசைத்து அவர்களைத் தடுக்கிறான், எறியாதீர்கள் என்று. காரணத்தையும் ஹோமரே சொல்கிறார்: வேறு யாராவது எறிந்து கூடோஸைப் பெற்றுவிட்டால் தான் இரண்டாவதாகப் போய்ச் சேர்ந்தவன் ஆகிவிடுவோமே என்ற கவலை.

இங்கே ‘பாராட்டு’ என்று மொழிபெயர்த்துப் பாருங்கள், ஒட்டாது. பாராட்டை நான்கு பேருக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். அக்கிலீஸ் கண் முன்னால் இருந்தது பகிர முடியாத ஒன்று. முதலில் போய்ச் சேர்ந்தவனுக்கு முழுவதும் கிடைக்கும், இரண்டாவது வந்தவனுக்கு ஒன்றும் மிஞ்சாது.

அதே காண்டத்தின் தொடக்கத்தில் இன்னொரு காட்சி. அப்போலோ தெய்வம் ஒரு டிராய் வீரனின் உருவத்தில் ஓடி, அக்கிலீஸைத் தன் பின்னால் அலைய வைக்கிறது. அதற்குள் டிராய் வீரர்கள் எல்லோரும் கோட்டைக்குள் தப்பிவிடுகிறார்கள். உண்மை தெரிந்ததும் அக்கிலீஸ் தெய்வத்தைப் பார்த்துக் கத்துகிறான்: என் பெரும் கூடோஸை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாயே! ஆக, இது பறிபோகக்கூடிய பொருளும்கூட. கைக்கு எட்டிய தூரத்தில் இருந்ததை ஒரு தெய்வம் தட்டிக்கொண்டு போய்விட்டது.

ஹெக்டர் இறந்த பிறகு அக்கிலீஸ் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த இடம். யாரையும் எறியவிடாமல் தனியாகவே கொன்றவன், இப்போது வீரர்களைப் பார்த்து, பெரும் கூடோஸ் பெற்றோம் என்று பன்மையில் சொல்கிறான். கிரேக்கத்தில் ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடு கிடையாது. தமிழில் எழுதுகிறவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். நான் ‘நாம்’ என்றுதான் எழுதுவேன். எறிய வேண்டாம் என்று தான் தடுத்த அதே ஆட்களிடம்தான் பேசுகிறான், வெற்றிப் பாட்டுப் பாடிக்கொண்டு கப்பலுக்குத் திரும்புவோம் வாருங்கள் என்று அவர்களை அழைக்கிறான். பெறும்போது ஒருவனுக்கு மட்டும் உரியது, பெற்ற பிறகு கூட்டத்துக்கே வெளிச்சம் தருவது என்று கூடோஸின் இரண்டு பக்கமும் இந்த ஒரே காண்டத்தில் தெரிகிறது.

ஹோமரின் உலகத்தில் பெருமையைக் குறிக்க வேறு சொற்களும் உண்டு. ‘டிமே’ என்பது ஒருவருக்குரிய மதிப்பு. போரில் கிடைத்த பொருளில் அவருக்கு ஒதுக்கப்படும் பங்கில் அது கண்ணுக்குத் தெரியும். அக்கிலீஸுக்குரிய அந்தப் பங்கைக் கிரேக்கப் படையின் தலைவன் அகமெம்னான் பறித்ததால்தான் இலியட்டின் சண்டையே தொடங்குகிறது. ‘கிளியோஸ்’ என்பது காதில் விழும் புகழ். ‘கேள்’ என்று பொருள்படும் வேரிலிருந்து வந்த சொல். தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்காது, நம்முடைய ‘இசை’ என்ற சொல்லிலும் ஒலியும் புகழும் ஒன்றாகவே இருக்கின்றன. ஊர்வாயில் பேச்சாகவும் பாட்டாகவும் தொடர்ந்து போவதால் கிளியோஸ் ஆள் செத்த பிறகும் நிற்கும்.

கூடோஸ் அப்படி இல்லை. அது இன்றைக்கு, இந்தக் களத்தில், உயிரோடு நிற்கிறவன் மேல் இறங்கும் ஒளி மாதிரி. பெரும்பாலும் தெய்வம்தான் அதைக் கொடுக்கிறது. 8ஆம் காண்டத்தில் போர் கிரேக்கர்களுக்கு எதிராகத் திரும்பும்போது முதியவர் நெஸ்டர் சொல்கிறார்: இன்றைக்குத் தெய்வங்களின் தலைவர் ஜீயஸ் ஹெக்டருக்குக் கூடோஸ் கொடுக்கிறார், மனம் வைத்தால் பின்னொரு நாள் நமக்கும் கொடுப்பார். வானிலையைப் பற்றிப் பேசுவது போன்ற தொனி அதில் இருக்கிறது. பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்ட் 1969இல் வெளியான தம் ஆய்வில் இந்த இடங்களையெல்லாம் வரிசையாக எடுத்து வைத்து, கூடோஸை வெறும் ‘புகழ்’ என்று பொருள் கொள்வது தவறு, அது வெற்றியை உறுதி செய்யும் ஒரு மந்திர ஆற்றல், தெய்வம் தற்காலிகமாகத் தரும் ஒரு தாயத்து போன்றது என்று வாதிட்டார். இலியட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அவர் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது. ‘அற்புதம்’ என்று பொருள்படும் ரஷ்யச் சொல்லான ‘சூதோ’வும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று சொல்லாய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அதுவும் இந்தப் படத்தோடு பொருந்துகிறது.

ஆட்களையே கூடோஸ் என்று அழைப்பதும் உண்டு. நெஸ்டரையும் இன்னொரு கிரேக்க வீரனான ஒடிசியஸையும் ‘அக்கேயர்களின் (அதாவது கிரேக்கர்களின்) பெரும் கூடோஸே’ என்று விளிக்கிறார்கள். ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிஸியில், பாடியே மாலுமிகளை மயக்கும் சைரன்கள் ஒடிசியஸைக் கப்பலோடு தங்கள் பக்கம் இழுக்கப் பாடும் பாட்டில் இந்த விளிதான் முதல் வரியிலேயே வருகிறது. ஆளை மயக்குவதற்கு அதைவிட நல்ல சொல் அவர்களிடம் இல்லை போலும். இதன் உரிச்சொல் வடிவத்தை அகமெம்னானிடம் அக்கிலீஸ் கோபத்தில் வீசுகிற இடமும் மறக்க முடியாதது: ‘மாபெரும் கூடோஸ் உடையவனே, எல்லோரையும்விடப் பொருளாசை பிடித்தவனே’ என்று ஒரே மூச்சில் சொல்கிறான். மரியாதைச் சொல்லும் வசைச் சொல்லும் தோளோடு தோள் நிற்கின்றன. போர்க்களத்துக்கே ‘ஆண்களுக்குக் கூடோஸ் தருவது’ என்று ஹோமர் அடைமொழி கொடுக்கிறார். அதே அடைமொழியை முதல் காண்டத்தில் மக்கள் கூடிப் பேசும் மன்றத்துக்கும் கொடுக்கிறார். ஈட்டியால் மட்டுமல்ல, பேச்சாலும் அதைப் பெறலாம் என்று ஆகிறது.

பின்னாளில் விளையாட்டு வெற்றியும் இந்த வட்டத்துக்குள் வந்தது. கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவில், பெரும் போட்டிகளில் வென்று முடி சூடிய வீரன் ஒருவனைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டே அரசன் போருக்குப் போவான் என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். ஒலிம்பியாவில் தோற்றுக்கொடுக்கப் பெரும் பணம் தருவதாகச் சொல்லியும் மறுத்து, பாடுபட்டு வென்ற ஒரு ஸ்பார்ட்டா மல்லனிடம், ‘இதனால் உனக்கு என்ன லாபம்?’ என்று கேட்டார்களாம். ‘போரில் என் அரசருக்கு முன்னால் நிற்பேன்’ என்றானாம் அவன், சிரித்துக்கொண்டே. மல்லனின் வெற்றியில் ஒட்டியிருக்கும் அந்த ஏதோ ஒன்று அரசனுக்கும் படைக்கும் பயன்படும் என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. கூடோஸின் பழைய பொருளை விளக்க இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

சரி, இப்படிப்பட்ட சொல் ஆங்கிலத்துக்கு எப்படி வந்தது? எழுத்துக்கூட்டைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கிரேக்கச் சொற்கள் வழக்கமாக லத்தீன் வழியாகத்தான் ஆங்கிலத்துக்கு வரும். வரும் வழியில் கிரேக்க ‘கப்பா’ எழுத்து ‘சி’ ஆகும், ‘உப்சிலோன்’ எழுத்து ‘ஒய்’ ஆகும். ‘சைக்கிள்’, ‘கிரிஸ்டல்’ எல்லாம் அப்படி வந்தவை. கூடோஸும் அந்தச் சாலையில் வந்திருந்தால் ‘சி’, ‘ஒய்’ என்று தொடங்கியிருக்கும், இன்றைக்கு அதை ‘சைடோஸ்’ என்று உச்சரித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அது ‘கே’, ‘யு’ என்று தொடங்குகிறது. கிரேக்கப் பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டு யாரோ எழுத்துக்கு எழுத்து நேராகப் பெயர்த்திருக்கிறார்கள்.

அந்த ‘யாரோ’ இங்கிலாந்தின் பல்கலைக்கழக மாணவர்கள். இது அவர்களுடைய கொச்சைப் பேச்சில் பிறந்த சொல். கிரேக்கத்தையும் லத்தீனையும் வருடக்கணக்கில் மனப்பாடம் செய்தவர்கள், அந்தச் சொற்களைத் தங்களுக்குள் விளையாட்டாகப் புழங்கினார்கள். மனம், அறிவு என்று பொருள்படும் ‘நௌஸ்’ இப்படித்தான் பிரிட்டிஷ் பேச்சில் ‘சமயோசித புத்தி’ ஆனது. 1799இல் கவிஞர் ராபர்ட் சௌதி கூடோஸை ஒரு கவிதையில் வினைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார், லத்தீனில் போற்றப்பட்டது, கிரேக்கத்தில் ‘கூடோஸ்டு’ செய்யப்பட்டது என்ற பொருளில். அவரும் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். அப்புறம் 1830களில் பெயர்ச்சொல்லாக அச்சில் தலைகாட்டுகிறது.

1859இல் சார்லஸ் டார்வின் எழுதிய ஒரு கடிதத்தில் இந்தச் சொல் வருகிறது. அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவருவதற்குச் சற்று முன்பு, புவியியலாளர் சார்லஸ் லயல் அச்சுப் படிகளில் பாதியைப் படித்துவிட்டார், எனக்கு ‘மிகப் பெரும் கூடோஸ்’ தருகிறார் என்று நண்பர் ஒருவருக்கு எழுதினார் டார்வின். கிரேக்கமும் லத்தீனும் தவிர வேறெதுவும் பெரிதாகச் சொல்லித்தராத பள்ளியைப் பற்றிப் பின்னாளில் மிகவும் வருத்தத்தோடு எழுதியவர் அவர். அவர் நாவிலும் இது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘பெரும் கூடோஸ்’ என்பது ஹோமரின் தொடரேதான் என்பதையும் பாருங்கள். அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘பெரும்’ என்ற அடைச்சொல் ஒருமைக்கும் வரும், பன்மைக்கும் வரும். டார்வினுக்குச் சொல் ஒருமை என்று தெரியும். கிரேக்கம் படிக்காத ஒருவர் அந்த வரியை வாசித்தால்? அவருக்குத் தெரிய வழியே இல்லை.

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. 19ஆம் நூற்றாண்டு முழுக்க இந்தச் சொல் இப்படிப்பட்ட வாக்கியங்களிலேயே புழங்கியது: கூடோஸ் கிடைத்தது, கூடோஸ் கொடுத்தார்கள், பெரும் கூடோஸ். எண்ணைக் காட்டிக்கொடுக்கும் சொல் எதுவும் பக்கத்தில் இருக்காது. செய்தித்தாள்கள் வழியாகக் கிரேக்கம் அறியாத பெரிய வாசகர் கூட்டத்திடம் போய்ச் சேர்ந்தபோது, அவர்கள் கடைசி ‘ஸ்’ஸைப் பார்த்துப் பன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். கிரேக்கக் கல்வியின் பிடியும் தளர்ந்துகொண்டிருந்த காலம் அது. கட்டாயக் கிரேக்கத்தைக் கேம்பிரிட்ஜ் 1919இலும் ஆக்ஸ்ஃபோர்டு 1920இலும் கைவிட்டன. 1920களில் ‘கூடோஸ்’ பன்மை வினையோடு எழுதப்படத் தொடங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் ‘கூடோ’ என்ற புது ஒருமையும் பிறந்துவிட்டது.

காது ஏன் அவ்வளவு சுலபமாக ஏமாந்தது என்பதற்கு எனக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் இந்த வகைச் சொற்கள் பலவும் பன்மையில்தான் நடமாடுகின்றன. நன்றிக்கு ‘தேங்க்ஸ்’, வாழ்த்துக்கு ‘கங்கிராஜுலேஷன்ஸ்’, பாராட்டுக்கு ‘காம்ப்ளிமென்ட்ஸ்’. ஒரே ஒரு ‘தேங்க்’ கொடுப்பவர் யாரும் இல்லை. அந்த வரிசையில் போய் நின்ற கூடோஸின் ‘ஸ்’ஸையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டார்கள். (தமிழில் ‘நன்றி’ என்று ஒருமையில் சொன்னாலே நிறைவாக இருக்கும்போது, இன்று ‘நன்றிகள்’ என்று எழுதுவது பெருகியிருப்பதற்கும் இந்த ஆங்கிலப் பழக்கம் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.) அமெரிக்க உச்சரிப்பும் கூடவே நகர்ந்தது. பிரிட்டனில் ‘கியூடாஸ்’ என்று கடைசி எழுத்தை அழுத்தமாகச் சொல்கிறார்கள், ‘கேயாஸ்’ மாதிரியே. அமெரிக்காவில் பலர் ‘கூடோஜ்’ என்பதற்குப் பக்கமாக, அதிர்வோடு முடிக்கிறார்கள். ஆங்கிலப் பன்மைச் சொற்கள் உயிரொலிக்குப் பிறகு அப்படித்தான் முடியும்.

‘கூடோ’வைக் கேட்டால் முகம் சுளிக்கும் இலக்கணக்காரர்கள் நிறைய உண்டு. எனக்கும் அதை எழுதக் கை வராது. ஆனால் ஆங்கிலம் இதைச் செய்வது முதல் தடவை இல்லை. பட்டாணிக்குப் பழைய ஆங்கிலச் சொல் ‘பீஸ்’; அதுவே ஒருமை. மக்கள் அதைப் பன்மை என்று நினைத்து, 17ஆம் நூற்றாண்டில் ‘பீ’ என்று ஒன்றைத் தனியே பிரித்து எடுத்தார்கள். பிரெஞ்சிலிருந்து ‘செரீஸ்’ என்று வந்த பழம் ‘செர்ரி’ ஆனது. ஸ்பெயினின் ஹெரெஸ் ஊர்ப் பெயரிலிருந்து வந்த ‘ஷெர்ரிஸ்’ என்ற மது ‘ஷெர்ரி’ ஆனது. அவற்றையெல்லாம் இன்று யாரும் பிழை என்று சொல்வதில்லை. தமிழில் இதற்கு நேர் எதிர்த்திசையில் நாம் போகிறோம். ‘சிப்ஸ்’ என்ற சொல்லில் ஏற்கெனவே இருக்கும் பன்மை நம் காதுக்குப் பன்மையாகப் படுவதில்லை, அதனால் ‘சிப்ஸ்கள்’ என்று மேலும் ஒன்றைச் சேர்க்கிறோம். கடன் வாங்கிய சொல்லின் உள்ளே இருக்கும் இலக்கணம் வாங்கியவருக்குத் தெரியாது. அவரவர் மொழியின் காதால்தான் கேட்கிறார்கள்.

எனவே ‘கூடோ’ பிறந்ததில் எனக்குக் கோபம் இல்லை. வருத்தம் வேறு இடத்தில். ஹோமரின் கூடோஸ் பிளக்க முடியாத முழுமை. எல்லாம் அல்லது ஒன்றுமில்லை. பன்மையாக எண்ணத் தொடங்கியதும் அது சில்லறைக் காசாகிவிட்டது: உங்களுக்கு இரண்டு, எனக்கு ஐந்து. 2009இல் தொடங்கிய ஸ்ட்ராவா செயலியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஓட்டத்தையோ சைக்கிள் பயணத்தையோ பதிவு செய்தால், மற்றவர்கள் கட்டைவிரல் படத்தைத் தொட்டுக் ‘கூடோஸ்’ தருகிறார்கள். அதன் எண்ணிக்கை கீழே காட்டப்படும். ஓடியவர்களுக்கும் போட்டியிட்டவர்களுக்கும் உரியதாக ஒரு காலத்தில் இருந்த சொல், இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் சுற்றிவிட்டு மறுபடி ஓடுகிறவர்களிடமே வந்து சேர்ந்திருக்கிறது. வந்தது மகிழ்ச்சிதான்.

பழைய பொருளின் மிச்சம் முற்றிலும் அழிந்துவிடவில்லை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘அந்த வேலையில் நல்ல கூடோஸ் இருக்கிறது’ என்று சொல்வார்கள். யாரும் எழுந்து நின்று கைதட்டவில்லை, ஆனாலும் அந்த வேலையில் இருப்பவர் மேல் ஒரு மதிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இது ஸ்பார்ட்டா மல்லனுக்கு நெருங்கிய பொருள்.

பாராட்டுக்கான மற்ற ஆங்கிலச் சொற்களோடு ஒப்பிட்டால் கூடோஸின் தனி இயல்பு இன்னும் தெளிவாகும். ‘அப்ளாஸ்’ லத்தீனில் கைதட்டுவதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. அதே வேரிலிருந்து வந்த ‘எக்ஸ்ப்ளோட்’ முதலில் வெடிப்பதைக் குறிக்கவில்லை. பிடிக்காத நடிகரைக் கைதட்டியே மேடையிலிருந்து விரட்டுவதைக் குறித்தது. ‘பிராவோ’ இத்தாலியச் சொல். அங்கே ஆணுக்குப் பிராவோ, பெண்ணுக்குப் பிராவா, பலருக்குப் பிராவி. நாம் சொல்லும் ‘சபாஷ்’ பாரசீகத்தில் ‘மகிழ்ந்திரு’ என்று சொல்லும் வாழ்த்து. இவையெல்லாம் பாராட்டுகிறவரின் கையிலிருந்தோ வாயிலிருந்தோ புறப்படுபவை. கூடோஸ் மட்டும்தான் பெறுகிறவரிடம் போய்த் தங்கும் ஒன்றின் பெயராகத் தொடங்கியது.

தமிழில் இதைப் பெயர்க்கும்போது பலர் ‘வாழ்த்துகள்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது ‘கங்கிராஜுலேஷன்ஸ்’ பக்கம் போய்விடும். பிறந்தநாளுக்கும் திருமணத்துக்கும் வாழ்த்தலாம், அங்கே கூடோஸ் பொருந்தாது. செய்து முடித்த ஒரு செயல் முன்னால் இருக்க வேண்டும். அதனால்தான் ஆங்கிலத்தில் ‘இன்னாருக்குக் கூடோஸ்’ என்பதோடு நிற்காமல் ‘இன்னது செய்ததற்கு’ என்று காரணத்தையும் சேர்த்தால் வாக்கியம் நன்றாக அமைகிறது. நம் ‘பாராட்டு’ இதற்கு மிக நெருக்கமானது. மதிப்பு என்ற பொருளில் வரும்போது ‘பெருமை’ நன்றாகப் பொருந்தும். ஆங்கிலத்திலேயே எழுதுவதானால், எண்ணிக்கையைக் குறிக்கும் ‘மெனி’யைப் போடாமல் அளவைக் குறிக்கும் ‘மச்’சைப் போட்டு, வினையையும் ஒருமையில் வைத்தால் கிரேக்கம் படித்தவரும் குறை சொல்ல மாட்டார், படிக்காதவருக்கும் உறுத்தாது.